ஒரு லீற்றரும் குறையாது

“ஒரு லீற்றர்கூடக் குறைக்க மாட்டன்” என்றாள் ஃபஹ்மியா. மேசையில் அவள் தட்டியதில் பிளேன்டீக் கோப்பைகள் ஒரு தரம் குதித்து உட்கார்ந்தன.

எதிரே ஸப்ராஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். கற்பிட்டிக் களப்போரத்து உப்பை வாங்கிப் பக்கட்டில் அடைக்கும் கொழும்புக் கொம்பனியின் ஆள். புதுச் சட்டப்படி கொம்பனி தன் புகைக்கணக்கை வருடாவருடம் வெளியிட வேண்டும். உப்பு விற்பவர்களின் பம்பு விடும் புகையும் அதில் சேர்த்தி.

“ராத்தா, போன வருஷம் நாலாயிரத்து எண்ணூறு லீற்றர் டீசல் எண்டு எழுதியிரிக்கிறீங்க. இதே அளவு உப்பளத்துக்கு செய்னுலாப்தீன் காக்கா எண்ணூறுதானே குடுத்திரிக்கிறார்.”

பக்கத்துக் கதிரையில் இருந்த செய்னுலாப்தீன் தாடியைத் தடவினார். அவருடைய உப்பளம் இரண்டு மைல் தள்ளி. எந்தக் கடுதாசி வந்தாலும் உள்ளதில் ஆறில் ஒன்றை எழுதுவது அவர் வாப்பா காலத்து வழக்கம்.

“கடுதாசி நீட்டுறவனுக்கு உள்ளதைச் சொல்லப்படாது, தங்கச்சி. ருசி கண்டிருவான்.”

“எனக்கிட்ட பில் இரிக்கி, காக்கா. எரிச்சதை எரிச்சன் எண்டுதான் எழுதுவன்.”

ஸப்ராஸ் குரலைத் தாழ்த்தினான். “மேல உள்ளவங்க இந்த இலக்கத்தைப் பாத்தாப் பயந்திருவாங்க. ஆயிரத்து ஐந்நூறு போடுவமா?”

“மாட்டன்.”

“சரி, ரெண்டாயிரம்.”

“தம்பி, நீங்க மீன் வாங்கவா வந்தீங்க?”

வெளியே பம்புக் கொட்டிலின் புகைக்குழாய்க்குள் ஒரு மைனா வாயில் வைக்கோலோடு நுழைந்தது. கீழே வாய்க்காலில் களப்புத் தண்ணீர் பாத்திகளுக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஸப்ராஸ் லெப்டொப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“யோசிங்க ராத்தா. போன வருஷக் கணக்குத்தான் அடிப்படை. இந்த வருஷம் அதுல நாலில் ஒண்டு குறைக்கணும். இனி டீசல் பில்லையும் கொம்பனியே பாக்கும். குறைக்காதவங்கட உப்பை எடுக்க மாட்டோம்.”

பாத்தியில் பதினெட்டுப் பெண்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கொம்பனி கைவிட்டால் அவர்களுக்கும் சேர்த்துத்தான் அடுப்பு அணையும்.

“ஆயிரத்து இருநூறு லீற்றரை எப்பிடிக் குறைப்பீங்க? வாளியால இறைப்பீங்களா?” என்றான் ஸப்ராஸ்.

“அது என்ட பாடு. உப்பை எடுக்காட்டி, களப்பு பக்கத்துலதான் இரிக்கி, அங்கேயே கொட்டுவன். பொய்க் கடுதாசில இந்தக் கை எழுதாது.”

ஸப்ராஸ் பெருமூச்சு விட்டான். அவள் சொன்னதை அப்படியே பதிந்தான். இருவரிடமும் கையெழுத்து வாங்கினான். அவனுடைய வாகனம் எழுப்பிய புழுதி அடங்கும் முன்பே செய்னுலாப்தீன் சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

“கெட்டிக்காரி எண்டு நினைச்சன். உள்ளதைச் சொல்லி உப்பளத்தையே முடிச்சிட்டியே பிள்ள.”

ஃபஹ்மியா அவரைப் பம்புக் கொட்டிலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே வெயிலைப் பார்த்து வரிசையாகச் சாய்ந்திருந்தன சூரியத் தகடுகள். காலடியில் ஒரு சின்னப் பம்பு பூனை மாதிரி முனகிக்கொண்டு தண்ணீரை ஏற்றியது.

“போன வருஷக் கணக்கு மார்ச்சோட முடிஞ்சிது. ஏப்ரல்ல டீசல் மோட்டரை நிப்பாட்டிட்டன். அதுக்குள்ள இப்ப மைனாதான் குடியிரிக்கி.”

“இதை அந்தப் பொடியன்ட சொல்லல்லயே?”

“அவர் கேட்டது போன வருஷக் கதை. போன வருஷக் கதையைத்தான் சொன்னன்.”

செய்னுலாப்தீன் தகடுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். தாடியைத் தடவிய கை பாதியில் நின்றது. எண்ணூறில் நாலில் ஒன்றை அவர் மனதுக்குள் கழித்துக்கொண்டிருந்தார். அவருடைய மோட்டர் ஒரு மாதத்துக்குக் குடிப்பது நானூறு லீற்றர்.

“வருஷம் முழுக்க அறுநூறு, காக்கா” என்றாள் ஃபஹ்மியா. “வாளி வேணுமெண்டா எனக்கிட்ட இரிக்கி.”