ஒன்பது வருடப் புதியவர்கள்

காலை வெயில் கீபோர்டின் தூசியில் மின்னுகிறது. ஒரே கம்ப்யூட்டர் முன் அக்காவும் தங்கையும் நாற்காலிகளை ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு நூலகத்துக்கு மென்பொருள் எழுதித் தர எத்தனை மாதம் ஆகும், என்ன செலவாகும் என்று கணக்கிடும் புரோகிராம் திரையில் ஓடுகிறது. நூலகம் எட்டு மாதத்தில் கேட்கிறது. திரை பதினொன்று என்கிறது. "முடியாதுன்னு எழுதிடலாம்," என்று அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறாள். தங்கை பென்சில் முனையால் திரையோரக் கட்டம் ஒன்றைத் தட்டுகிறாள். வேலை செய்பவர்களின் அனுபவம்: புதியவர். "இதை யாரு போட்டது, அக்கா?" "நாமதான். கம்பெனி ஆரம்பிச்ச அன்னைக்கு." "அதுக்கப்புறம் ஒன்பது வருஷமா யாரும் இதைத் தொடலையா?" அக்கா அவசரமாகக் கண்ணாடியை மாட்டிக்கொள்கிறாள். மவுஸால் அந்தக் கட்டத்தை அழுத்துகிறாள்; அனுபவ நிலைகளின் பட்டியல் விரிகிறது. அம்புக்குறி கடைசி வரிக்குப் போகக் கூச்சப்பட்டு நடுவிலேயே நிற்கிறது. தங்கை முழங்கையால் இடித்ததும் இறங்குகிறது. கைதேர்ந்தவர். க்ளிக். ஏழரை மாதம். மேஜைக்கடியில் தங்கையின் கால்கள் தாளம் போடுகின்றன. அக்கா பட்டியலை மறுபடி விரிக்கிறாள். "அதான் வந்துடுச்சே, இன்னும் என்னக்கா?" "இருடி. அந்த வார்த்தையை இன்னொரு தடவை பார்த்துக்கறேன்."