தொட்டால் பலிக்கும்

தோளில் யாரோ தொட்டார்கள். உர்சினா திரும்பிப் பார்த்தாள்.

கைத்தடி ஊன்றிய ஒரு பெண்மணி, கரி ஒட்டிய விரலை உயர்த்திக் காட்டிச் சிரித்தார்.

“கோவிச்சுக்காதம்மா. திங்கக்கிழமை எனக்கு முழங்கால் ஆபரேஷன். புகைபோக்கி சுத்தம் பண்றவங்களத் தொட்டா நல்லது நடக்கும்.”

உர்சினாவும் சிரித்து வைத்தாள். வாரம் முழுக்க இதே கதைதான். கறுப்புச் சட்டையோடு தூசிஸ் ஊர்த் தெருவில் இறங்கினால் போதும், கல்யாணப் பெண், லாட்டரிச் சீட்டு வாங்கியவர், ஓட்டுநர் தேர்வுக்குப் போகிறவர் என்று ஆளாளுக்கு வந்து தொட்டுவிட்டுப் போனார்கள்.

ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. அவள் நிலைமை அதுதான்.

அவள் இன்னும் புகைபோக்கிக்காரி ஆகவில்லை. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். வேலையைப் பழகிப் பார்க்கப் பள்ளிக்கூடம் அனுப்பிய ஒரு வாரம் இது. இன்று வெள்ளிக்கிழமை, கடைசி நாள்.

அவளுக்கு வேலை பழக்கும் புகைபோக்கிக்காரர் ரெட்டோ காஃப்லிஷ் ஒரே ஒரு பயிற்சிப் பிள்ளையைத்தான் எடுப்பார். உண்டா இல்லையா என்று இன்று மாலைக்குள் சொல்ல வேண்டும்.

வகுப்பறைச் சுவரில் ஆசிரியை ஒரு மலை வரைந்து ஒட்டியிருந்தார். தொழில் பயிற்சிக்கு இடம் கிடைத்தவர்கள் அடிவாரத்தில் இருக்கும் தங்கள் படத்தை எடுத்து உச்சியில் ஒட்டிக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு ஊக்கமாக இருக்குமாம். நல்ல ஊக்கம். அடிவாரத்தில் இப்போது உர்சினா மட்டும் தன்னந்தனியாக நிற்கிறாள்.

வங்கியில் வேண்டாம் என்றார்கள். மருந்துக்கடையில் வேண்டாம் என்றார்கள். பல் மருத்துவர் வீட்டு நாய்கூட அவளைப் பார்த்துக் குரைத்தது.

வேறு வழியில்லாமல்தான் இங்கே வந்தாள். செவ்வாய்க்கிழமை ரெட்டோவின் பின்னால் ஒரு கூரை மேல் ஏறி, புகைபோக்கிக்குள் தூரிகையை இறக்கினாள். உள்ளே கரி உதிர்கிற சத்தம் கேட்டது. கீழே ஊர் கைக்கடக்கமாகக் கிடந்தது. அப்போதுதான் இந்த வேலை வேண்டும் என்று மனசு கேட்டது.

வேண்டும் என்று ஆன பிறகுதான் பயமும் வந்தது.

ரெட்டோ நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. ‘அதப் பிடி’, ‘இங்க வை’, அவ்வளவுதான் அவர் பேச்சு. 

இன்று காலை அவள் துணி விரிக்க மறந்து அடுப்புக் கதவைத் திறந்துவிட்டாள். வெள்ளைக் கம்பளத்தில் ஒரு கூடைக் கரி கொட்டியது. வீட்டுக்காரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். ரெட்டோ மண்டியிட்டு, தானே தூசி உறிஞ்சும் குழாயைப் பிடித்துச் சுத்தம் செய்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கடைசி வீடும் முடிந்தது. பையில் போன் அதிர்ந்தது. அம்மா.

‘என்ன சொன்னார்?’

மத்தியானத்திலிருந்து இதே கேள்விதான்.

ரெட்டோ வண்டியின் பின்பக்கம் குனிந்து தூரிகைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பேசுகிற உத்தேசம் இருப்பதாகத் தெரியவில்லை. உர்சினா அவருடைய கறுப்புச் சட்டையையே பார்த்தாள். பல வருஷக் கரி அது. ஊரே தொட்டுப் பலன் பார்த்த முழங்கை.

என்னிடமிருந்து எல்லோரும் எடுத்துக்கொண்டு போனார்களே, எனக்கு யார் கொடுப்பார்கள் என்று நினைத்தாள்.

ஏணியை நீட்டுகிற சாக்கில், விரல் நுனியால் அவர் முழங்கையைத் தொட்டாள்.

அவர் கை நின்றது.

“தொட்டியா?”

“தெரியாம பட்டுடுச்சு, சார்.”

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் அப்பட்டமாகப் பொய் தெரிந்திருக்க வேண்டும்.

“அது வெளியாளுங்களுக்குத்தான். நமக்குள்ள பலிக்காது.”

வண்டியின் கதவைச் சாத்திவிட்டு ஓட்டுநர் இருக்கைக்குப் போய்விட்டார்.

உர்சினாவின் காது மடல்கள் எரிந்தன. பலிக்காது. அந்த ஒரு சொல்தான் காதில் நின்றது. காலையில் கம்பளம், இப்போது பொய் வேறு. திங்கட்கிழமை வகுப்பில் அந்த மலைக்கு எதிரே எப்படி உட்காருவது?

ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெல்ட்டை இழுத்து மாட்டப் போனபோதுதான், அவர் சொன்னது முதலிலிருந்து மறுபடி காதில் ஓடியது.

வெளியாளுங்களுக்குத்தான். நமக்குள்ள.

பெல்ட் கையிலிருந்து நழுவி விர்ரென்று உள்ளே போனது.

ரெட்டோவைப் பார்த்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த மனிதரைப் போல அவர் நிம்மதியாக வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

போன் மறுபடி அதிர்ந்தது. விரல் பட்டதில் திரையெல்லாம் கரி. ஒருவழியாக எழுதி அனுப்பினாள்.

‘நான் தொட்டால் பலிக்காதாம், அம்மா. நான் வெளியாள் இல்லையாம்.’

எழுத்துகள் மங்கின. புறங்கையைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள்.

“கண்ணக் கசக்காத,” என்றார் ரெட்டோ, சாலையைப் பார்த்தபடியே. “கரி பட்டா எரியும்.”