ஆறிலிருந்து ஒன்பது மாதம்

பெருமாநல்லூர் பனியன் கம்பெனி ஒன்றில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரான கலைமகள், குழந்தை உடுப்பு சாம்பிளோடு டில்லிக்குக் கிளம்பினாள். மாலைக்குள் அங்கே சரக்கு வாங்கும் பையர் அதைப் பார்த்துச் சம்மதிக்காவிட்டால் ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போய்விடும்.

தண்ணீரும் ஆயுதமாகிவிட்ட வருஷம் அது. விமான நிலையத்தில் பாட்டிலைப் பிடுங்கினார்கள், செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். எக்ஸ்ரே திரை முன்னிருந்த அதிகாரி அவள் பையை நிறுத்தினார்.

"உள்ள குழந்தை இருக்குது மேடம்."

"துணிதானுங்க சார்." திறந்து காட்டினாள். துணிதான் இருந்தது.

மறுபடி அனுப்பினார்கள். திரையில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தது குழந்தை.

அதிகாரி அசரவில்லை. அவர் கவலை வேறு. "குழந்தையைப் பைக்குள்ள கொண்டு போகக்கூடாது. மடியிலதான் வெச்சுக்கணும். அதுக்கு டிக்கெட் எங்கே?"

"ஏனுங்க, இதென்னங்க கூத்து?"

"ரூல்ஸ் மேடம்."

கடைசி அழைப்பு வந்துவிட்டது. வாதாடத் தெம்பில்லாமல் கவுண்டருக்கு ஓடினாள். வயது கேட்டார்கள். உடுப்பின் லேபிளைப் பார்த்து, "ஆறுலிருந்து ஒம்பது மாசமுங்க" என்றாள். பெயர் கேட்டபோது அதே லேபிளில் இருந்த ஸ்டைல் நம்பரைச் சொன்னாள். மரியாதையாகப் பதிந்துகொண்டார்கள். உடுப்பை மடியில் வைத்துக்கொண்டே டில்லி போய்ச் சேர்ந்தாள்.

பையர் அம்மாள் டேப் பிடித்து அளந்தாள். தோள் சரி, நீளம் சரி, தையலிலும் குறையில்லை. கழுத்துப் பக்கம் விரல் வைத்தவள் முகம் சுளித்தாள். புது சாம்பிள் கேட்டால் போட்டுக் கழற்றியதையா கொண்டுவருவது என்று தள்ளிவைத்துவிட்டாள்.

கலைமகள் தொட்டுப் பார்த்தாள். கழுத்திலிருந்து மார்புவரை எச்சில் வடிந்து, இன்னும் காயாமல் இருந்தது.