நல்லா மிதிங்க!

"மிதிங்க, வேகமா மிதிங்க! பாட்டு ஆரம்பிச்சாச்சு!" பக்கத்து சைக்கிளிலிருந்து சங்கரி கத்தினாள்.

"மிதிச்சிட்டுத்தானடி இருக்கேன்" என்றார் ஒச்சப்பன். வேட்டி வியர்வையில் நனைந்து தொடையோடு ஒட்டியது. "உனக்குக் கால் வலிக்கலையா?"

"எனக்கா? இப்படியே பாலம் தாண்டி தேவரா ஊர் வரைக்கும் போவேன்!"

டிரம்ஸ் அதிர்ந்தது. இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. திடீரென்று டிரம்ஸ் அடங்கியது.

"பாட்டு முடிஞ்சிருச்சு போல. வா, ஒரு சாயா குடிப்போம்" என்றார் ஒச்சப்பன்.

இருவரும் பெடலிலிருந்து காலை எடுத்தார்கள்.

பாடகியின் மைக் செத்தது. மேடை விளக்கும் அணைந்தது. மட்டாஞ்சேரி மைதானமே திரும்பி, மேடையோரம் டைனமோவோடு பூட்டி நிறுத்தியிருந்த அந்த இரண்டு சைக்கிள்களைப் பார்த்தது.

விழா நடத்தும் ஸ்நேஹா ஓடி வந்தாள். "சேட்டா, சேச்சி, நிறுத்தாதீங்க! பாட்டு பாதியிலதான் இருக்கு. போன வருஷம், 'ஜெனரேட்டர் புகையில எங்க கொச்சங்காடித் தெருவே மூச்சு முட்டுது, இனிமே அது வேண்டாம்'னு மேடைக்கு முன்னால உட்கார்ந்து மறியல் பண்ணினது யாரு?"

"நாங்கதான்!" சங்கரி பெருமையோடு மறுபடி மிதிக்கத் தொடங்கினாள். விளக்கு எரிந்தது, கூட்டம் ஆர்ப்பரித்தது.

"ரெண்டு சாயாவை இங்கேயே அனுப்பு" என்றார் ஒச்சப்பன், தானும் மிதித்துக்கொண்டே. "அப்படியே, அடுத்தது குத்துப்பாட்டா பாடச் சொல்லு!"