ஈச்சந்தாங்கலில் சாவு இல்லை

“பதினோரு வருசமா உங்க ஊர்ல ஒரு சாவுகூட இல்லையே. அப்புறம் எதுக்குய்யா சுடுகாடு?”

ஆரணி தாலுகா ஆபீசில் ஜமாபந்தி, ஊர்க் கணக்குகளைப் பார்த்து மனு வாங்குகிற நாள். அதிகாரி இப்படிக் கேட்டதும் சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மனுவோடு நின்ற பொன்னுசாமிக்குச் சிரிப்பு வரவில்லை.

தப்பு அவருடையதுதான்.

ஈச்சந்தாங்கல் துளியூண்டு ஊர். இருபது வீடு, எல்லாம் கூலிக்குப் போகிற ஜனம். நூறு தலை இருந்தால்தான் அடிபம்பு கிடைக்கும் என்று யாரோ சொல்லிவிட்டுப் போக, எண்ணிப் பார்த்தால் நூற்றிரண்டு இருந்தது. பம்பும் வந்தது. தலை குறைந்தால் அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள், செத்தவர்களை எழுதிக்கொடுக்க வேண்டாம் என்று ஊருக்கு யோசனை சொன்னவர் பொன்னுசாமி.

ஆற்றுக்கு அக்கரையில், பெரிய ஊரில் இருக்கிற மணியக்காரர்தான் சாவை எழுதவேண்டியவர். இந்த ஜனத்தின் சாவுதானே என்று, சொன்னால் எழுதுவார், சொல்லாவிட்டால் கேட்கமாட்டார். வருசா வருசம் ஊர் ஆள் பட்டியலில் வயதை மட்டும் ஒன்று கூட்டிவிடுவார்.

சுடுகாடும் அக்கரையில்தான். வெள்ளம் வந்தால் தண்ணீர் வடிகிறவரை பிணத்தை வீட்டிலேயே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். போன ஐப்பசியில் சடையனின் அம்மாவை மூன்று நாள் வைத்திருந்தார்கள். அந்தக் கொடுமைக்குப் பிறகுதான் இக்கரையில் ஓர் இடம் கேட்டு இந்த மனு. துணைக்குச் சடையனும் வந்திருந்தான்.

பொன்னுசாமி நடந்ததைச் சொன்னார். அதிகாரி திட்டவில்லை. பம்பை யாரும் பிடுங்கமாட்டார்கள், செத்தவர்களின் பெயரை இப்போதே அடித்துக்கொடுங்கள், இடம் பார்க்கச் சொல்கிறேன் என்றார்.

ஒரு பெயரையும் மறைக்காதே என்று சடையனிடம் சொன்னவரும் பொன்னுசாமிதான்.

குமாஸ்தா லோகநாதன் சிவப்புப் பென்சிலோடு பட்டியலைப் படித்தார். இல்லை என்றால் ஒரு கோடு. தன் அம்மாவின் பெயர் வந்ததும் சடையன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இல்லைங்க என்றான். கோடு விழுந்தது.

அடுத்த பெயர் அம்மணி. தகப்பன் பொன்னுசாமி. வயது பத்தொன்பது.



காய்ச்சலில் போனபோது அவளுக்கு எட்டு வயது. வடியட்டும் என்று எல்லோரும் சொல்லியும் கேட்காமல், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெள்ளத்தில் இறங்கினார். அக்கரை ஏறும்போது தோளில் ஒன்றுமில்லை. எட்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை.

பம்பு வந்து நாலு மாதம்கூட ஆகாத நேரம் அது. செத்தவர்களை எழுதிக்கொடுக்க வேண்டாம் என்று அவர் ஊரைக் கூட்டிச் சொன்னது, தேடுவதை நிறுத்திய அன்றைக்குத்தான்.

இருக்கிறாளா, இல்லையா என்று லோகநாதன் கேட்டார். சடையன் தலையைக் குனிந்துகொண்டான்.

இருக்கிறாள் என்றார் பொன்னுசாமி.

கல்யாணமாகி வெளியூர் போயிருந்தாலும் அடிக்க வேண்டும் என்று சொல்லி, லோகநாதன் பெயரின் மேல் வைத்த பென்சிலை எடுக்காமல் காத்திருந்தார்.

“இன்னும் ஆவலைங்க. மாப்ள பாத்துகினு இருக்கோம்.”