நேற்றைய கோடு

ஏல மையத்தின் சர்வர் அறையில் ஏசி உறுமுகிறது; சாம்பிள் ஏலக்காயின் வாசம் தொண்டையை அடைக்கிறது. நேற்று பேச்சிமுத்துவின் சரக்குக்கு விலை ஏறிக்கொண்டிருந்தபோது எல்லாத் திரைகளும் அசையாமல் நின்றுபோய், அது அடிமாட்டு விலைக்கு முடிந்தது. சர்வர் திணறியதை வரைபடத்தில் காட்டினால்தான் மறு ஏலம். ஆனால் சர்வரைக் கவனித்துக்கொள்ளும் சுகன்யாவின் கண்காணிப்புக் கணினியில் நேற்றைய வரைபடக் கட்டங்கள் எல்லாம் வெறுமையாக இருக்கின்றன. குரங்கணியிலிருந்து ஊர்க்காரர்களோடு முதல் ஜீப்பில் வந்த பேச்சிமுத்து கதவருகே நிற்கிறார்; மற்றவர்கள் கீழே காத்திருக்கிறார்கள். தோள் துண்டிலிருந்து மழைநீர் சொட்டுகிறது. அவள் காரணத்தைக் கண்டுபிடித்துவிடுகிறாள். கரண்டு போய் வந்ததில் கணினியின் கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருக்கிறது. நேற்றைய பதிவுகள் அந்தப் பழைய தேதியோடு வர, முந்தைய நாள்வரை சரியான தேதியில் சேமித்துவந்த மென்பொருள் பழசென்று ஒவ்வொன்றையும் தள்ளிவிட்டிருக்கிறது. எங்கும் மிச்சமில்லை. கடிகாரத்தைத் திருத்துகிறாள். திரையின் வலது ஓரத்தில் பச்சைக் கோடு ஒன்று மெல்ல முளைக்கிறது. இன்றைய கோடு. "வந்துருச்சா ஆத்தா?" என்கிறார். அவள் நிமிர்வதற்குள்ளேயே அவர் வாசல் பக்கம் திரும்பி, "வெரசா வாங்கப்பா, கோடு வந்துருச்சு" என்கிறார். படிக்கட்டில் செருப்புச் சத்தங்கள் ஏறி வருகின்றன.