பஸ்மியாவுக்குக் கொடுத்த வீடு

பரீதா கதிரையில் உட்கார்ந்து வீட்டு உறுதிப் பத்திரத்தை மேசையில் வைத்ததுமே கௌசிகாவுக்கு வழக்குப் புரிந்துவிட்டது. அப்படித்தான் அவள் நினைத்தாள்.

சனிக்கிழமைகளில் சட்டத்தரணிகள் சிலர் கிண்ணியாவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் காசு வாங்காமல் ஏழைகளின் வழக்குப் பார்ப்பார்கள். கௌசிகா திருகோணமலை டவுனிலிருந்து வருகிறவள். கெட்டிக்காரிதான். ஆனால் ஆள் வாயைத் திறக்குமுன் பதில் சொல்லிவிடுகிற கெட்டிக்காரி.

கதை இந்தப் பக்கத்தில் எங்கும் நடப்பதுதான். மகள் பஸ்மியாவைக் கட்டிக்கொடுத்தபோது, ஊர் வழக்கப்படி வீட்டை அவளுக்கு விட்டுவிட்டுப் பரீதா பின்வளவில் ஒரு குடிசைக்கு ஒதுங்கினார். மருமகன் நௌபர் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தான். போன வருடம் பஸ்மியா மௌத்தாகிப் போனாள், பாவம். இப்போது அங்கே நௌபரும் நாலு வயது மகளும்தான். அவனுக்குத் தோப்பூரில் மறுகல்யாணம் பேசி முடிந்துவிட்டது.

உறுதியில் இன்னும் பரீதாவின் பெயர். வெறும் வாய்ச்சொல்லில் கொடுத்த வீடு.

கௌசிகாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இவ்வளவு சுகமான வழக்கு எப்போதாவதுதான் வரும். மருமகனுக்கு ஒரு கடிதம் போடலாம், வீட்டை விட்டு எழும்பாவிட்டால் நீதிமன்றம் போகலாம், வீடு கைக்கு வந்துவிடும் என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனாள்.

பரீதா மடியில் தூங்கிப்போன பேத்தியின் முகத்தில் ஜன்னல் வெயில் படாமல் முந்தானையை இழுத்துவிட்டார்.

“வீட்டை மீட்க வரல்ல மகள். எழுதிக் குடுக்கத்தான் வந்தனான்.”

பேத்தியின் பெயருக்கா என்று கேட்டாள் கௌசிகா. கேட்டதோடு நிற்காமல் பேனையையும் எடுத்துவிட்டாள்.

“இல்ல. ஸுல்பிகாட பேருக்கு. மருமகன் முடிக்கப்போற புள்ள.”

கௌசிகாவுக்குக் கோபமே வந்தது. செத்துப்போன மகளின் வீட்டை இன்னொருத்திக்கா? இந்த மனுசிக்கென்ன பைத்தியமா?

“ஆரும் வெருட்டினவையோ அம்மா?”

பரீதா சிரித்தார். தூங்குகிறவள் எழும்பிவிடாமல் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பொம்பிளைக்கு எங்க வீடோ, ஆம்பிள அங்கதானே போறது? தோப்பூரில அவங்க கட்டுற வீட்டுக்கு இன்னும் கூரை போடல்ல. அதுக்கு முந்தி எழுதித் தாங்க மகள். அவ இங்க வந்துட்டா, இந்தப் புள்ளையை ஆரும் கூட்டிட்டுப் போகமாட்டாங்க.”